சத்தியத்தை முறிக்க வேண்டிய நேரம்

 

கண்ணியத்துக்குரிய ஜமாஅத்தார்களே, மஃரிபைத் தொழுதுவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் வாலிபப் பிள்ளைகளே, ஒலிபெருக்கி வழியே வீடுகளில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "மௌலவி, கட்டப்பா செஞ்சது சரியா, பிழையா?"

பள்ளிவாசலில் இருந்துகொண்டு சினிமாக் கதையா என்று பெரியவர்கள் மனம் சங்கடப்பட வேண்டாம். அந்தக் கேள்வி சினிமாவைப் பற்றியதல்ல, சத்தியத்தைப் பற்றியது. நம் மார்க்கம் மிக விரிவாகப் பதில் சொல்லியிருக்கும் ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் ஒரு படத்தின் வழியாக வந்து கேட்கிறார்கள். கேட்ட இடத்தில் பதில் கிடைக்காவிட்டால் வேறெங்காவது போய்க் கேட்பார்கள். ஆகவே இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2015இல் வந்த பாகுபலி படத்தின் முடிவில், கட்டப்பா என்ற விசுவாசமான போர்வீரன், தான் தூக்கி வளர்த்த இளவரசனையே பின்னால் இருந்து வாளால் குத்திக் கொல்கிறான். ஏன் கொன்றான் என்ற பதில் 2017இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் கிடைத்தது. கட்டப்பாவின் முன்னோர்கள் சிம்மாசனத்துக்கு அடிமையாக இருப்போம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். சிம்மாசனத்தில் இருந்து கட்டளை வந்தது. கொல்லப்படுகிறவன் நிரபராதி என்று அவனுக்குத் தெரியும். அழுதுகொண்டே கொல்கிறான்.

இது புதிய கதையல்ல. நமக்குப் பக்கத்துப் பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவிலே வருடாவருடம் பதினெட்டு நாள் பாரதக் கதையை நடத்துகிறார்கள். நம் இந்துச் சகோதரர்களின் அந்தக் கதையிலும் பீஷ்மர் என்றொரு பெரியவர் வருகிறார். தகப்பனுக்காகச் சத்தியம் செய்து அரசுரிமையையும் திருமணத்தையும் துறந்தவர். அதுவரைக்கும் அவர் கொடுத்தது தன்னுடையதை. ஆனால் அதே சத்தியம் அவரை அந்தச் சிம்மாசனத்தோடு கட்டிப்போட்டது. நிறைந்த சபையிலே ஒரு பெண்ணின் சேலையைப் பிடித்து இழுத்தபோது அவ்வளவு பெரிய வீரர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கட்டப்பா அந்தப் பீஷ்மரின் நிழல்தான்.

மேலை நாட்டிலும் இதே துயரம் இருக்கிறது. டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1973இல் மறைந்த பிறகு, 1977இல் அவருடைய மகன் வெளியிட்ட சில்மரில்லியன் என்ற நூலில், ஃபேயனார் என்ற இளவரசனும் அவனுடைய ஏழு புதல்வர்களும் களவுபோன மூன்று இரத்தினங்களுக்காக ஒரு சத்தியம் செய்கிறார்கள். படைத்தவனின் பெயரைச் சொல்லி, நிறைவேற்றாவிட்டால் நிரந்தர இருள் எங்களைச் சேரட்டும் என்று தங்களையே சபித்துச் செய்த சத்தியம். அதற்காகச் சொந்த இனத்தையே வெட்டிச் சாய்க்கிறார்கள். கடைசியில் மிஞ்சுகிறவர்கள் இரண்டு சகோதரர்கள். இளையவன், முறித்துவிடுவோம், முறிப்பதில்தான் கெடுதி குறைவு என்கிறான். மூத்தவன், படைத்தவன் பெயரால் செய்ததை யார் வந்து நமக்கு அவிழ்த்துவிடுவார், நம் குரல் அவனை எட்டுமா என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. மீண்டும் கொலை செய்கிறார்கள். கையில் எடுத்த இரத்தினம் அவர்களின் கையையே சுடுகிறது.

அந்த மூத்தவனின் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான பதில் நம்மிடம் இருக்கிறது. வருகிறேன்.

அதற்கு முன் நம் வீட்டுக் காப்பியத்துக்கு வாருங்கள். இன்றைய பிள்ளைகள் டிராகனும் மந்திர வாளும் வரும் கதைகளைப் பார்த்துவிட்டு, நம்மிடம் இப்படி ஒன்றும் இல்லையே என்று நினைக்கிறார்கள். தமிழ் முஸ்லிம்களின் படைப்போர் நூல்களை எடுத்துப் பாருங்கள். ஜின்களோடு யுத்தம், கோட்டைகள், அலி (ரழி) அவர்களின் வீரம் என்று புலவர்களின் கற்பனை பொங்கி வழியும். நம் கரையோரத்தில் இந்த மரபு இன்னும் உயிரோடு இருக்கிறது. மருதமுனைப் புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன் அவர்களின் புதல்வர் ஜின்னாஹ் ஷரிபுத்தீன் நம் காலத்திலேயே திருநபி காவியம் பாடினார், பண்டாரவன்னியனையும் காவியமாகப் பாடினார். இந்த மரபுக்கெல்லாம் தலையாக நிற்பது பதினேழாம் நூற்றாண்டில் உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அந்த முயற்சிக்குத் துணை நின்றார்.

அதிலே மானுக்குப் பிணை நின்ற படலம் என்று ஒரு பகுதி வருகிறது. இதை நான் ஹதீஸாகச் சொல்லவில்லை, காப்பியமாகச் சொல்கிறேன். ஹலால் ஹராமைக் கதையில் இருந்து எடுப்பது நம் வழக்கமல்ல. ஆனால் உள்ளத்தை இளக்குவதற்குக் கதை உதவும்.

வேடனின் வலையில் ஒரு பெண்மான் சிக்கியிருக்கிறது. பால் குடிக்கும் கன்று காட்டில் தனித்து நிற்கிறது. அந்த வழியே வந்த நாயகத்திடம் மான் பேசுகிறது. கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், என்னை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறது. பிடித்த மானைக் காட்டுக்குள் விட்டால் திரும்பி வருமா என்று வேடன் ஏளனம் செய்கிறான். அதற்கு நான் பிணை என்று நாயகம் நிற்கிறார்கள். மான் ஓடுகிறது. கூட்டத்தைச் சேர்கிறது, கன்றை அணைக்கிறது, பால் கொடுக்கிறது. புறப்படும்போது அதன் இனம் தடுக்கிறது. தப்பி வந்த மான் வேடனிடம் திரும்பப் போவதா? யாராவது கேட்டால் சிரிக்க மாட்டார்களா? மான் கேட்கவில்லை. எனக்காகப் பிணை நின்றவரை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்கிறது. கன்றும் பின்னாலேயே வருகிறது. திரும்பி வந்த மானைக் கண்ட வேடனின் நெஞ்சு உடைகிறது. கலிமாச் சொல்கிறான். மானை விட்டுவிடுகிறான்.

பிள்ளைகளே, இப்போது மானையும் கட்டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் வாக்கைக் காப்பாற்றினார்கள். மான் தன் வாக்குக்குத் தன் உயிரை விலையாகக் கொண்டு வந்தது. கட்டப்பா தன் முன்னோரின் வாக்குக்கு இன்னொருவன் உயிரை விலையாகக் கொடுத்தான். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அவன் செய்தது பிழை. அவன் கண்ணீர் உண்மையான கண்ணீராக இருந்தாலும் பிழைதான்.

நம் மார்க்கம் வாக்கை இலேசாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஹுதைஃபா இப்னுல் யமான் (ரழி) அவர்களின் சம்பவத்தை ஸஹீஹ் முஸ்லிமிலே பார்க்கிறோம். அவரும் தகப்பனாரும் மதீனாவுக்கு வரும் வழியில் குறைஷிகளிடம் அகப்பட்டார்கள். முஹம்மதோடு சேர்ந்து உங்களை எதிர்த்துப் போரிட மாட்டோம் என்று அல்லாஹ்வின் பெயரால் வாக்கு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். நேரமோ பத்ருடைய நேரம். ஹிஜ்ரி இரண்டாம் வருடம். நம்மிடம் ஏறத்தாழ முந்நூற்றிப் பதின்மூன்று பேர், எதிரே ஆயிரம் பேரளவில். இரண்டு வாள்கள் கூடக் கிடைத்தால் பெரிய உதவி. அதுவும் மிரட்டி வாங்கிய வாக்கு. ஆனாலும் நபி (ஸல்) அவர்கள், நீங்கள் போய்விடுங்கள், அவர்களுக்குக் கொடுத்த வாக்கை நாம் நிறைவேற்றுவோம், வெற்றிக்கு அல்லாஹ்விடம் உதவி கேட்போம் என்ற கருத்தில் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். உலகத்தில் எந்தத் தளபதி இப்படிச் செய்வான்? அந்த வாக்கினால் வந்த இழப்பு நபியவர்களுக்குத்தான். அதைத் தாங்கிக்கொண்டார்கள்.

ஆக, நமக்கு நட்டம் வரும் வாக்கைக் காப்பாற்ற வேண்டும், எதிரிக்குக் கொடுத்ததாக இருந்தாலும் சரி. அதே வாக்கு அடுத்தவனின் குரல்வளையில் கத்தி வைத்தால்?

ஒரு படையின் சம்பவம் புஹாரியிலே இருக்கிறது. நபியவர்கள் ஒரு குழுவை அனுப்பி, அன்ஸாரிகளில் ஒருவரைத் தலைவராக்கி, அவருக்குக் கட்டுப்படுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வழியில் அவருக்கு ஏதோ கோபம் வந்துவிட்டது. விறகு சேர்க்கச் சொன்னார், சேர்த்தார்கள். தீ மூட்டச் சொன்னார், மூட்டினார்கள். இதற்குள் இறங்குங்கள் என்றார். சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, நெருப்புக்குப் பயந்துதானே நாம் நபியிடம் ஓடி வந்தோம் என்றார்கள். அப்படியே தயங்கி நின்றார்கள். தீயும் அணைந்தது, அவர் கோபமும் தணிந்தது. செய்தி நபியவர்களுக்குப் போனபோது, அதில் இறங்கியிருந்தால் அவர்கள் அதைவிட்டு ஒருபோதும் வெளியேறியிருக்க மாட்டார்கள், கட்டுப்படுதல் நல்ல காரியத்தில் மட்டும்தான் என்று தெளிவாக்கினார்கள். கட்டப்பாவுக்கு இப்படிச் சொல்ல ஆளில்லாமல் போனது.

இனி என் உள்ளத்துக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். அபூபக்ர் ஸித்தீக் (ரழி) அவர்கள். மிஸ்தஹ் என்ற ஓர் ஏழை உறவினர், பத்ரில் கலந்துகொண்டவர். அவருடைய சாப்பாட்டுச் செலவை அபூபக்ர் அவர்கள்தான் பார்த்து வந்தார்கள். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பியபோது, இந்த மிஸ்தஹும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டார். உங்கள் சோற்றைத் தின்றவன் உங்கள் மகளைப் பற்றி ஊரெல்லாம் பேசித் திரிந்தால் எப்படி இருக்கும்? வாப்பாமாரே, ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மகள் குற்றமற்றவள் என்று வானத்தில் இருந்து வசனம் இறங்கிய பிறகு, இனி அவனுக்கு ஒரு சல்லியும் கொடுக்க மாட்டேன் என்று அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்தார்கள் அபூபக்ர். அதைவிட நியாயமான கோபம் உலகத்தில் இருக்க முடியாது.

அந்தச் சத்தியத்தைத்தான் அல்லாஹ் முறிக்கச் சொன்னான். ஸூரத்துன் நூரிலே, வசதி உள்ளவர்கள் உறவினருக்கும் ஏழைக்கும் கொடுக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டாம், மன்னித்து விட்டுவிடட்டும், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்களா என்று கேட்கும் வசனம் இறங்கியது. ஆம், விரும்புகிறேன் என்று சொல்லி அபூபக்ர் அவர்கள் அந்தச் செலவை மறுபடி தொடங்கினார்கள். சொன்ன சொல்லில் இருந்து இறங்குவது மானக்குறைவு என்று ஸித்தீக் நினைக்கவில்லை.

ஸூரத்துல் பகராவிலும் இதையே காண்கிறோம். நன்மை செய்வதற்கும், மனிதர்களுக்கிடையே இணக்கம் உண்டாக்குவதற்கும் தன் பெயரால் செய்த சத்தியத்தைத் தடையாக வைக்க வேண்டாம் என்று அல்லாஹ்வே விலக்குகிறான். நபி (ஸல்) அவர்களும், ஒன்றைச் செய்வதாகச் சத்தியம் செய்துவிட்டு அதைவிட நல்லதைக் கண்டால் நல்லதைச் செய்துவிட்டுப் பரிகாரம் கொடுக்கும்படி கற்றுத் தந்தார்கள். டோல்கீன் கதையின் மூத்தவன், யார் நமக்கு இதை அவிழ்த்துவிடுவார் என்று கேட்டானே, எவன் பெயரால் சத்தியம் செய்தோமோ அவனே நமக்கு அவிழ்த்துத் தருகிறான். பீஷ்மருக்கும் கட்டப்பாவுக்கும் திறக்காத கதவு உங்களுக்கும் எனக்கும் திறந்திருக்கிறது. திறந்திருப்பது தெரியாமல் நம் ஊரிலே எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள்!

ஒரு சம்பவம் சொல்கிறேன். யாருடைய வீடு, எந்த ஊர் என்பது வேண்டாம். நம் வழக்கப்படி பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்போம், ஒரே வளவுக்குள் ராத்தாவும் தங்கச்சியும் இருப்பார்கள். உம்மா மௌத்தான பிறகு கிணற்றடி நிலத்தில் பிரச்சினை. இரண்டு முழ இடம். ராத்தா கோபத்தில், அல்லாஹ் மேல சத்தியம், இனி உன்ட வாசல்ல கால் வெக்க மாட்டன் என்று சொல்லிவிட்டார். மதில் எழும்பியது. வருடங்கள் போயின. தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். பொண்ணுக்கு ஐந்து வயது வரைக்கும் தூக்கி வளர்த்தவர் இந்தப் பெரியும்மாதான். கலியாணத்தன்று அவர் மதிலுக்கு இந்தப் பக்கம், கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் சஹன் வைக்கும் சத்தமும் பிள்ளைகள் ஓடும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு சோடிக் காப்பைக் கடதாசியில் சுற்றி, அடுத்த வீட்டுச் சின்னப் பொடியனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். யார் தந்தது என்று சொல்லாதே என்றும் சொல்லியிருக்கிறார்.

நான் கேட்டபோது அவர் சொன்னது: "மௌலவி, கோவம் எப்பவோ போயிட்டுது. அல்லாட பேரச் சொல்லிப் போட்டனே. இனி எப்பிடிப் போற?"

அந்த அம்மாவுக்கு அல்லாஹ்வைப் பற்றிய பயம் இருந்தது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அந்தச் சத்தியத்தை முறித்துவிட்டுப் போ என்று அல்லாஹ்வே சொல்லியிருக்கிறான் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கே அவரிடம் சொன்னேன், நீங்கள் நடந்து போகும் அந்தப் பத்து அடிதான் இப்போது இபாதத்.

மறுபக்கம், முறிக்கவே கூடாத வாக்கை மிக இலகுவாக முறிக்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மருதமுனையில் தறிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஸூரத்துன் நஹ்லில் வரும் உவமை மற்ற எல்லோரையும் விட நன்றாகப் புரியும். முறுக்கேற்றி உறுதியாக நூற்ற நூலை இழை இழையாகப் பிரித்துப்போட்ட பெண்ணைப் போல ஆகிவிடாதீர்கள் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். ஒரு பாவு ஓடி முடிக்க எவ்வளவு நேரம், எத்தனை கண் எரிச்சல் என்று உங்களுக்குத் தெரியும். அதைக் கத்தரித்துப் போட ஒரு நிமிடம் போதும். அந்த வசனத்தின் தொடர்ச்சியைக் கவனியுங்கள். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை விடப் பெரிதாக இருக்கிறது என்பதற்காகச் சத்தியத்தை ஏமாற்றும் கருவியாக்காதீர்கள் என்று வருகிறது. தேர்தல் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் எது? யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து குர்ஆனில் கை வைக்கச் சொல்லி வாக்குக் கேட்டால், வைக்காதீர்கள். குர்ஆன் அதற்காக இறங்கவில்லை. யோசித்து, நீதியானவருக்குப் போடுவோம் என்று சொல்லி அனுப்புங்கள்.

சந்தையிலே மீனுக்கும் துணிக்கும் வல்லாஹி சொல்லி விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சத்தியம் சரக்கை விற்றுத் தரும், பறகத்தை அழித்துவிடும் என்று நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். உம்மாவின் மேல், பிள்ளையின் தலைமேல் சத்தியம் செய்வதையும் விட்டுவிடுங்கள். அல்லாஹ் அல்லாதவற்றின் மேல் சத்தியம் செய்வது நமக்குத் தடுக்கப்பட்டது.

இனிப் பரிகாரத்தைப் பற்றி. ஸூரத்துல் மாயிதாவிலே சொல்லப்பட்டது: பத்து ஏழைகளுக்கு உங்கள் குடும்பத்துக்கு நடுத்தரமாகக் கொடுக்கும் உணவு, அல்லது அவர்களுக்கு உடை, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்வது. இவற்றுக்கு வசதி இல்லாதவருக்குத்தான் மூன்று நாள் நோன்பு. நம்மில் பலர் நேரே நோன்புக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் அரிசி மூட்டை இருக்கிறவருக்கு அது நிறைவேறாது. நமது ஷாபிஈ மத்ஹபின்படி ஆளுக்கு ஒரு முத்து என்ற அளவு அரிசி. ஒரு கிலோவாகக் கொடுத்தால் தாராளம். பத்து கிலோ அரிசி, பத்துப் பேர். ஒரே ஆளுக்குப் பத்து கிலோவையும் கொடுத்து முடிக்கக் கூடாது. துணியாகக் கொடுக்க விரும்புகிறவர் பத்துப் பேருக்கு ஆளுக்கொரு சாரன் வாங்கிக் கொடுக்கலாம்.

ஆனால் ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். இது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான சத்தியத்துக்கு. வாங்கிய கடனை, எழுதிய விற்பனை ஒப்பந்தத்தை, ஒப்புக்கொண்ட மஹரை அரிசி கொடுத்து முறிக்க முடியாது. அதிலே அடுத்தவரின் உரிமை இருக்கிறது. எல்லைக் கல்லை நகர்த்திவிட்டுப் பொய்ச் சத்தியம் செய்து காணி பிடித்தவர், பத்துப் பேருக்கல்ல, ஊருக்கே சோறு போட்டாலும் அந்தக் காணி ஹலாலாகாது. கல்லைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, உரியவரிடம் மன்னிப்புக் கேட்டு, தவ்பாச் செய்ய வேண்டும்.

அரிசியோ துணியோ கொடுப்பதாக இருந்தால் சத்தியத்தை முறிப்பதற்கு முன்பே கொடுக்கலாம், முறித்த பிறகும் கொடுக்கலாம். நோன்பு மட்டும் முறித்த பிறகுதான். ஆகவே அரிசி வாங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இஷாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. காக்காவோடு, ராத்தாவோடு, பெற்ற உம்மாவோடு பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தவர் யாராவது இந்த வரிசைகளில் இருந்தால், காரணத்தை என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. துஆ ஓதி முடித்ததும் நேரே அந்த வீட்டுக்குப் போங்கள். பத்துப் பேரின் பெயரும் வேண்டுமானால் நாளைக் காலையில் பள்ளிவாசல் காரியாலயத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.